ராயபுரம் ரயில் நிலையக் கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிய முனையம் கட்டினால் என்ன?

மின்சார ரயில் மட்டும் நின்று போகும் நிலையத்துக்கு எதற்கு அந்தப் பழைய கட்டடம், அதில் அப்படி என்ன பாரம்பரிய மதிப்பு என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்விதான். வட சென்னையிலிருந்து நீண்டதூர ரயில்கள் புறப்பட வேண்டும் என்பதில் எனக்கும் மறுபேச்சு இல்லை. அதற்கு இந்தக் கட்டடத்தைக் காவு கொடுக்க வேண்டும் என்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

வயதை முதலில் சொல்லிவிடுகிறேன். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இங்கிருந்துதான் கிளம்பியது. போய்ச் சேர்ந்தது இன்றைய வாலாஜா ரோடு. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். பம்பாயிலும் கல்கத்தாவிலும் ரயில் அதற்குச் சற்று முன்பே வந்துவிட்டது. ஆனால் பம்பாயின் முதல் நிலையமான போரிபந்தர் போய், அங்கே 1888இல் கட்டி முடித்த இன்றைய சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையம் நிற்கிறது. ஹௌராவில் நாம் பார்ப்பது 1905இல் வந்தது. மூன்று மாகாணத் தலைநகரங்களில் முதல் நிலையத்தின் கட்டடம் இன்னும் நிற்பது நம் ஊரில் மட்டும்தான்.

வயது ஒன்றே பெரிய தகுதி என்று நான் நினைக்கவில்லை. நூறு வயதைத் தாண்டிய கிடங்குகள் ஜார்ஜ் டவுனில் எத்தனையோ உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது இது நிற்கும் இடம். 1856இல் சென்னைக்குத் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் கடலில் தள்ளி நங்கூரமிடும்; மசூலாப் படகுகள் அலையில் ஏறி இறங்கிச் சரக்கைக் கரை சேர்க்கும். சீமையிலிருந்து வந்த தண்டவாளமும் இன்ஜினும்கூட அப்படித்தான் கரையேறியிருக்க வேண்டும். சரக்கு இறங்கும் கடற்கரை ஒருபுறம், அதை வாங்கி விற்கும் வணிகர்கள் வாழ்ந்த கறுப்பர் நகரம், அதாவது இன்றைய ஜார்ஜ் டவுன், மறுபுறம். ரயில் ஏன் இங்கே தொடங்கியது என்பது அந்த வாசலில் நின்று கடல் எந்தப் பக்கம் என்று பார்த்தாலே விளங்கிவிடும்.

1873இல் சென்ட்ரல் வந்தது; போகப்போக ராயபுரத்தின் மவுசு குறைந்தது. அதனால்தான் தப்பியது என்றுகூடச் சொல்வேன். காசு புழங்கும் நிலையமாக இருந்திருந்தால் எந்த அதிகாரியாவது எப்போதோ இடித்துப் பெரிதாகக் கட்டியிருப்பார்.

"தூண்களை மட்டும் பெயர்த்து அருங்காட்சியகத்தில் வைக்கலாமே" என்று சிலர் சொல்வதுண்டு. பழைய கட்டடங்களைப் பழுதுபார்க்கும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்தக் காலத்துச் சென்னைத் தூண்கள் பெரும்பாலும் கல்லால் ஆனவை அல்ல. உள்ளே செங்கல், மேலே கிளிஞ்சல் சுண்ணாம்புப் பூச்சு; தேய்த்துத் தேய்த்துப் பளிங்கு போல மினுக்கியிருப்பார்கள். பெயர்த்தால் கையில் மிஞ்சுவது செங்கல் குவியல்.

இடிக்காமலே கெடுக்கவும் முடியும் என்பதையும் சொல்ல வேண்டும். சுண்ணாம்புச் சுவர் மழையில் ஈரத்தை வாங்கும், வெயிலில் வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே அடைபடும். கடற்கரை ஊரில் அந்த ஈரத்தோடு உப்பும் சேர்ந்திருக்கும். அது செங்கலுக்குள் படிகமாகி, செங்கலின் முகத்தையே தள்ளிக்கொண்டு உதிர்க்கும். தட்டிப் பாருங்கள், சிமென்ட் பூச்சு "டொக் டொக்" என்று உள்ளீடற்ற ஒலி தரும். பெயர்த்தால் பின்னால் செங்கல் செம்பொடியாகக் கொட்டும். புதுப்பிப்பு என்ற பெயரில் நான் பார்த்த நாசங்களில் பாதி இந்த வகைதான். மீதி, எண்ணெய் பெயின்ட்.

புதிய முனையமும் பழைய கட்டடமும் ஒரே இடத்தில் இருக்க முடியாதா? லண்டனில் செயின்ட் பான்கிராஸ் நிலையத்தையும் 1960களில் இடிக்கத்தான் பார்த்தார்கள். மக்கள் எதிர்த்தார்கள், 1967இல் சட்டப் பாதுகாப்புக் கிடைத்தது. 2007 முதல் பாரிஸ் செல்லும் யூரோஸ்டார் ரயில்கள் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. பழைய இரும்புக் கூரையின் கீழேயே, நடைமேடையை நீட்டிக் கட்டிச் சாதித்தார்கள். நியூயார்க் பென்சில்வேனியா நிலையத்தை 1963இல் இடிக்கத் தொடங்கினார்கள்; ஆத்திரப்பட்ட அந்நகரம் 1965இல் பாரம்பரியக் கட்டடச் சட்டம் கொண்டுவந்தது. நிலையம் திரும்பவா வந்தது?

ராயபுரத்தில் பழைய கட்டடம் நிற்பது வளாகத்தின் ஒரு பகுதியில் மட்டும்தான். என்னைக் கேட்டால் நடைமேடைகளையும் பராமரிப்புத் தடங்களையும் மற்ற பகுதியில் போடலாம். டிக்கெட் கவுன்டரையும் காத்திருப்புக் கூடத்தையும் பழைய கட்டடத்துக்குள்ளேயே வைக்க வேண்டும். பூட்டி வைத்துப் பலகை மாட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆள் புழங்காத கூரையில் ஒழுகல் தொடங்கினால் யாரும் கவனிப்பதில்லை. ஒப்பந்தத்தில் ஒரே ஒரு நிபந்தனையை மட்டும் கெட்டியாக எழுதிவிட வேண்டும்: பழைய சுவரில் சிமென்ட் படக்கூடாது.