கடல் தண்ணீரை விட்டுவிட்டுச் சிப்பியை ஏன் சோதிக்கிறார்கள்?

கேள்வி கேட்டவர் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறார். கடலோர நீர் சுத்தமா என்று தெரிய, தண்ணீரையே பாட்டிலில் பிடித்துச் சோதித்தால் போதாதா, எதற்கு நடுவில் சிப்பி? அப்புறம், ஓரிடத்தில் சிப்பிகள் செழிப்பாக வளர்ந்தால் அங்கே தண்ணீர் நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

கடலோரக் கண்காணிப்புக்கு மாதிரி தயாரிக்கும் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன். முதலில் இரண்டாவது கேள்வி, ஏனென்றால் பலரும் சறுக்குவது அங்கேதான். செழிப்பான சிப்பியை வைத்து நல்ல தண்ணீர் என்று சொல்லிவிட முடியாது. அழுக்கிலும் சாகாமல் தாக்குப்பிடிக்கும் என்பதற்காகத்தான் சிப்பியை இந்த வேலைக்கே பிடித்தார்கள். லேசாக மாசு பட்டதும் செத்துப்போகிற உயிராக இருந்தால், துறைமுக வாயிலிலும் சாக்கடை கடலில் கலக்கும் இடத்திலும் மாதிரி எடுக்க எதுவுமே மிஞ்சாது. சிப்பி என்று பொதுவாகச் சொல்லும் மஸல், ஆய்ஸ்டர், மட்டி போன்ற இரட்டை ஓட்டு உயிர்கள் ஈயமும் காட்மியமும் பூச்சிக்கொல்லியும் உடம்பில் ஏற ஏற, ஓட்டைத் திறந்து மூடிப் பிழைப்பை நடத்திக்கொண்டிருக்கும். சாக்கடையின் சத்தில் நுண்பாசி பெருகும் இடத்தில் அதைத் தின்று நன்றாகக் கொழுக்கவும் செய்யும்.

1987இல் கனடாவின் பிரின்ஸ் எட்வர்ட் தீவில் வளர்ந்த மஸலைச் சாப்பிட்டு நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் நோயில் விழுந்தார்கள். சிலர் இறந்தார்கள், சிலருக்கு நினைவாற்றலே கெட்டுப்போனது. ஒருவகை நுண்பாசி உண்டாக்கும் டோமோயிக் அமிலம்தான் காரணம். அந்த மஸல்களைப் பார்த்தால் ஒரு குறையும் தெரிந்திருக்காது. சமைத்தாலும் அந்த நச்சு போகாது.

சரி, முதல் கேள்விக்கு வருவோம். பாட்டிலில் பிடித்த தண்ணீர் அந்த நேரத்து நிலையை மட்டும்தான் சொல்லும். ஒரு தொழிற்சாலை இரவில் கழிவைத் திறந்துவிட்டு விடிவதற்குள் மூடிவிட்டால், காலை பத்து மணிக்குப் போகிறவரின் பாட்டிலில் ஒன்றும் இருக்காது. ஓதம் ஏறும்போது ஒரு அளவு, இறங்கும்போது வேறு அளவு. அது போக, கடல்நீரில் பல நச்சுப்பொருள்கள் மிகச் சொற்பமாகத்தான் இருக்கும். லிட்டருக்கு நானோகிராம் கணக்கு. அந்த அளவை நம்பிக்கையாக அளப்பது பெரும்பாடு. மாதிரி எடுக்கும் படகின் பெயின்டும் கையுறையின் தூசியும்கூட அளவைக் கெடுத்துவிடும்.

சிப்பி ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு நாள் முழுக்கத் தண்ணீரை இழுத்து வடிகட்டுகிறது. நல்ல வளர்ச்சியுள்ள மஸல் மணிக்கு ஒரு லிட்டருக்கு மேல் வடிகட்டும். பெரிய ஆய்ஸ்டர் ஒன்று, சூழ்நிலை சாதகமாக இருந்தால், ஒரு நாளில் 190 லிட்டர் வரை வடிகட்டும் என்பது வழக்கமாகச் சொல்லும் கணக்கு. செவுளில் இருக்கும் நுண்மயிர்கள் நீரை உள்ளே இழுக்கும், துகள்கள் சளியில் ஒட்டும், வேண்டியது வாய்க்குப் போகும், வேண்டாதது வெளியே தள்ளப்படும். இந்தப் போக்குவரத்தில் உலோகங்களும் கொழுப்பில் கரையும் ரசாயனங்களும் சதையில் தங்கிவிடுகின்றன. தண்ணீரில் இருப்பதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு செறிவாகச் சேர்வது சாதாரணம். கடந்த சில வாரங்கள், மாதங்களின் சராசரி அந்தச் சதையில் கிடைக்கிறது. கூடவே, தண்ணீரில் இருந்ததில் எவ்வளவு உயிருக்குள் போகக்கூடிய வடிவத்தில் இருந்தது என்பதும் தெரிகிறது. என்னைக் கேட்டால் இந்த இரண்டாவது தகவல்தான் பெரிது. தண்ணீரில் ஈயம் இருக்கிறது என்றால் சரி. அது யார் உடம்புக்காவது போகிறதா என்பதுதானே கேள்வி?

எட்வர்ட் கோல்ட்பர்க் என்ற கடல் வேதியியலாளர் 1975இல் உலகம் முழுக்க இப்படி மஸல் கண்காணிப்பு நடத்தலாம் என்று எழுதினார். அமெரிக்காவில் கடலையும் வானிலையையும் கவனிக்கும் அரசு அமைப்பான நோவா 1986இல் ஆரம்பித்த மஸல் வாட்ச் திட்டம் ஏறத்தாழ 300 இடங்கள் வரை விரிந்தது. ஒரே இடம், ஒரே இனம், ஒரே பருவம் என்று ஆண்டுக்கணக்கில் எடுத்துக்கொண்டே இருந்தார்கள். அதனால்தான் டிடிடி என்ற பூச்சிக்கொல்லி, பிசிபி என்ற தொழிற்சாலை ரசாயனம் போன்றவை தடைக்குப் பிறகு கரையோரத்தில் மெல்ல மெல்லக் குறைந்து வந்ததை அவர்களால் எண்களோடு காட்ட முடிந்தது. அமெரிக்காவில் டிடிடி தடை 1972, பிசிபி உற்பத்தித் தடை 1979. இத்தனை காலம் கழித்தும் சதையில் அவற்றின் மிச்சம் தெரிகிறது. சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் இந்த முறையின் பெறுமதி முழுக்க அந்தச் சலிப்பில்தான் இருக்கிறது. யாரோ ஒருமுறை போய் நாலு சிப்பி எடுத்து வந்து "கடலில் விஷம்" என்று அறிவிப்பதில் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. முன்னே என்ன இருந்தது என்று தெரியாமல், இப்போது இருப்பது கூடுதலா குறைவா என்று எப்படிச் சொல்வது?

இதில் இன்னொரு சிக்கல், சிப்பிக்கும் ஒரு சொந்த வாழ்க்கை இருக்கிறது. முட்டையிடும் காலத்துக்கு முன் மஸலைத் திறந்தால் பெண்ணின் சதை நல்ல ஆரஞ்சு நிறத்திலும் ஆணுடையது பால் வெள்ளையிலும் ஓடு நிறைய இருக்கும். முட்டையை விட்ட பிறகு அதே மஸல் சுருங்கி, கண்ணாடி போல மெலிந்து கிடக்கும். சதை பாதியாகக் குறைந்து, உள்ளே இருந்த உலோகம் அப்படியே தங்கினால், கிராமுக்கு எவ்வளவு என்ற கணக்கு ஏறிவிடும். கடலில் எதுவும் மாறியிருக்காது. கொழுப்பில் கரையும் பொருள்களுக்கு நேர் எதிர். அவை முட்டையின் கொழுப்போடு வெளியே போய்விடும், கணக்கு இறங்கும். மழைக்காலத்தில் ஆற்றுநீர் கலந்து உப்பு குறைந்தால் காட்மியம் ஏறும். உப்பு நீரில் குளோரைடோடு பிணைந்து கிடந்தது விடுபட்டுச் செவுள் வழியாக எளிதாக உள்ளே போவதால்தான் அப்படி. கழிவு கூடவில்லை, மழைதான் பெய்தது.

இனத்துக்கு இனம் வேறுபாடு இன்னும் மோசம். ஆய்ஸ்டர் துத்தநாகத்தையும் செம்பையும் வாரிக்கொள்ளும். உலர்ந்த சதையில் கிராமுக்கு ஆயிரக்கணக்கான மைக்ரோகிராம் துத்தநாகம் இருக்கும். அதே வகைத் தண்ணீரில் மஸலில் நூறு சொச்சம்தான், ஏனென்றால் மஸல் துத்தநாகத்தைத் தானே ஓரளவு கட்டுப்படுத்திக்கொள்ளும். ஒரு கரையில் ஆய்ஸ்டர், இன்னொரு கரையில் மஸல் எடுத்து இரண்டையும் ஒரே வரைபடத்தில் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். 1986இல் தைவானின் தென்மேற்குக் கரையில் ஆய்ஸ்டர்கள் பச்சையாகவே மாறிப்போயின. ஆற்றோரம் பழைய உலோகக் கழிவிலிருந்து செம்பு பிரித்தவர்களின் கழிவுநீர்தான் காரணம். அங்கே மஸலை மட்டும் பார்த்திருந்தால் செம்பு அவ்வளவு பட்டவர்த்தனமாகத் தெரிந்திருக்காது.

பாதரசத்துக்கு இந்த உயிர்களை நான் முதலில் நாட மாட்டேன். உணவுச் சங்கிலியில் மேலே போகப் போக ஏறுவது அது. பெரிய வேட்டை மீனில்தான் தேட வேண்டும். எண்ணெய்க் கசிவு என்றால் நேர் மாறு. எண்ணெயில் வரும் பிஏஎச் என்ற நச்சுச் சேர்மங்களை மீனின் ஈரல் சில நாட்களில் உடைத்துத் தள்ளிவிடும். மஸலுக்கு அந்தத் திறன் குறைவு, அதனால் அதன் சதையில் அவை நிற்கும்.

மாதிரி தயாரிப்பதையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், எண்கள் எங்கே பிறக்கின்றன என்று தெரிய. முதலில் சிப்பிகளைச் சுத்தமான கடல்நீரில் ஒரு நாள் போல விட்டு, குடலில் இருக்கும் சேற்றைக் கழிக்க வைப்போம். இல்லையென்றால் சேற்றின் இரும்பையும் அலுமினியத்தையும் சதையின் கணக்கில் எழுதிவிடுவோம். பிறகு ஒரே நீளமுள்ளவற்றை இருபது, முப்பது என்று பொறுக்கிச் சேர்ப்போம், ஏனென்றால் பக்கத்துப் பக்கத்தில் ஒட்டியிருந்த இரண்டு மஸலுக்குள்கூட அளவு இரண்டு மடங்கு வேறுபடலாம். திறப்பதற்கு எஃகுக் கத்தி கூடாது, குரோமியமும் நிக்கலும் கத்தியிலிருந்தே வந்துவிடும். பீங்கான் அல்லது டைட்டானியம் கத்தி. ஓட்டின் இடுக்கில் நுனியை நுழைத்து, இரண்டு ஓட்டையும் இழுத்துப் பிடிக்கும் தசையை அறுத்தால் சட்டென்று வாய் பிளக்கும். உள்நீரை வடித்து, பாறையில் ஒட்டியிருந்த நார்க்கற்றையைக் கிள்ளி எறிந்து, சதையை உறையவைத்து, உலர்த்தி, பொடியாக்குவோம். சிப்பியே வளராத இடமென்றால் வேறிடத்து நல்ல மஸல்களை வலைப்பையில் போட்டுக் கயிற்றில் தொங்கவிட்டு, ஒன்றிரண்டு மாதம் கழித்து எடுப்பார்கள்.

சில சமயம் ரசாயன அளவே வேண்டாம், உடம்பே காட்டிக்கொடுத்துவிடும். பிரான்ஸின் ஆர்க்காஷோன் விரிகுடாவில் 1970களின் கடைசியில் ஆய்ஸ்டர் குஞ்சுகள் பிழைக்காமல் போயின. பெரியவற்றின் ஓடுகள் தடித்து, அடுக்குகளுக்கு நடுவே கூழ் நிறைந்த அறைகள் உருவாயின. உள்ளே சதைக்கு இடமில்லை. கப்பல், படகுகளின் அடியில் கொட்டலசும் பாசியும் ஒட்டாமலிருக்கப் பூசிய பெயின்டில் இருந்த ட்ரைபியூட்டைல்டின்தான் காரணம். 25 மீட்டருக்குக் குறைவான படகுகளில் அந்தப் பெயின்டை 1982இல் பிரான்ஸ் கட்டுப்படுத்தியது, குஞ்சுகள் திரும்பி வந்தன. அதே பொருள் லிட்டருக்கு ஒரு நானோகிராம் அளவில் இருந்தாலே ஒருவகைக் கடல் நத்தையின் பெண்ணுக்கு ஆண்குறி முளைக்கத் தொடங்கும் என்றும் கண்டார்கள். உலக அளவில் அதை விலக்கும் ஒப்பந்தம் 2001இல் கையெழுத்தாகி 2008இல்தான் நடைமுறைக்கு வந்தது.

கிருமி விஷயம் தனி. ஐரோப்பிய விதியில் 100 கிராம் சதையிலும் உள்நீரிலும் சேர்த்து ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா, எடுத்த மாதிரிகளில் பெரும்பாலானவற்றில் 230க்குள் இருக்கும் பகுதிதான் முதல் வகுப்பு. 4600 வரை போனால், சுத்தநீர்த் தொட்டியில் விடுவது போல ஏதாவது செய்து கிருமியைக் குறைத்துத்தான் விற்க வேண்டும். தொட்டியில் ஈ.கோலை ஓரிரு நாளில் கழிந்துவிடும், வாந்தியும் வயிற்றுப்போக்கும் உண்டாக்கும் நோரோவைரஸ் அவ்வளவு சீக்கிரம் போகாது. ஈ.கோலை இல்லை என்பதற்காக வைரஸும் இல்லை என்று நினைக்க வேண்டாம்.

ஓட்டின் இரு பக்கமும் சிறு மின்முனை ஒட்டி, சிப்பி எப்போது வாய் மூடுகிறது என்று இணையத்தில் நேரடியாகப் பார்க்கும் முறையும் வந்திருக்கிறது. கடலுக்கு வெளியே, வார்சாவின் குடிநீர் நிலையம் ஒன்றில் எட்டு நன்னீர்ச் சிப்பிகள் இதே வேலையைச் செய்கின்றன. பல ஒரே நேரத்தில் மூடிக்கொண்டால் எச்சரிக்கை மணி. ஏதோ சரியில்லை என்று உடனே தெரியும், என்ன சரியில்லை என்பதை வேதியியல்தான் சொல்ல வேண்டும்.

கடைசியாக, இப்படிப்பட்ட அறிக்கை கையில் கிடைத்தால் முதலில் பார்க்க வேண்டியது உலர் எடையா ஈர எடையா என்பது. மஸல் சதையில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர்; அதனால் உலர் எடைக் கணக்கு ஏறத்தாழ ஐந்து மடங்காகத் தெரியும். உணவுக்கான வரம்புகள் ஈர எடைக்கானவை. ஐரோப்பாவில் இரட்டை ஓட்டுச் சிப்பிகளுக்குக் காட்மிய வரம்பு கிலோவுக்கு 1 மில்லிகிராம். ஆய்வுக் கட்டுரையில் உலர் எடையில் 3 என்று போட்டிருப்பதை எடுத்து "வரம்பைப் போல மூன்று மடங்கு" என்று செய்தி வரும். ஈர எடைக்கு மாற்றினால் அது 0.6.