செஃபிபீம் ஊசியும் கிட்னி நோயாளியின் மூளையும்: கேள்வி பதில்

கேள்வி: அப்பாவுக்கு வாரம் மூன்று டயாலிசிஸ். காய்ச்சலுக்கு செஃபிபீம் என்ற ஆன்டிபயாடிக் ஊசி போட்ட நாலாம் நாள் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுகிறார், கை வெடுக் வெடுக்கென்று துள்ளுகிறது. யூரியா ஏறிவிட்டதா?

பதில்: டயாலிசிஸ் தவறாமல் நடந்திருந்தால் முதலில் ஊசியைச் சந்தேகப்படுங்கள். செஃபிபீமில் ஏறத்தாழ 85 சதவீதம் சிறுநீரில்தான் வெளியேறும். நல்ல கிட்னி இருப்பவருக்கு 2 மணி நேரத்தில் பாதியாகும் மருந்து, இவருக்குப் பாதியாக 13 மணி நேரத்துக்கு மேல் ஆகும். தேங்கிய மருந்து மூளையில் காபா என்ற பிரேக்கைப் பிடிக்க விடாது. குழப்பம், துள்ளல், பேச்சுக் குழறல், வலிப்பு எல்லாம் அதனால்தான். சர்க்கரை, சோடியம் பார்க்கட்டும். ஆனால் அடுத்த டோஸ் ஏறும் முன் டாக்டர் காதில் போடுங்கள்.

கேள்வி: வார்டில் ஒரு பாட்டிக்கு கிரியாட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய ரத்தக் கழிவு) 1.6தான். அதற்குமா டோஸைக் குறைப்பது?

பதில்: ஏமாறுவது இங்கேதான். வயது 75, எடை 45 கிலோ என்று வையுங்கள். கிட்னி வடிகட்டும் வேகத்துக்கான கணக்கு இது (கடைசி 0.85 பெண்களுக்கு மட்டும்): (140 − 75) × 45 ÷ (72 × 1.6) × 0.85. விடை 21.6. அதாவது கிளியரன்ஸ் (அந்த வடிகட்டும் வேகம்) நிமிடத்துக்கு 22 மில்லிகூட இல்லை. 12 மணிக்கொரு முறை 2 கிராம் போடும் நோய்க்கு இவருக்கு 24 மணிக்கொரு முறை 1 கிராம் போதும். முதல் டோஸில் மட்டும் கை வைக்காதீர்கள், கிருமி முந்திக்கொள்ளும். கிளியரன்ஸ் 60-க்குக் கீழே போனாலே குறைக்கணும். 2012-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரித்ததும் இதைத்தான். டயாலிசிஸில் இருப்பவருக்குக் கணக்கே வேறு: முதல் நாள் 1 கிராம், பிறகு தினம் 500 மில்லிகிராம் (வெள்ளணு குறைந்த காய்ச்சல் என்றால் 1 கிராம்). டயாலிசிஸ் நாளில் அது முடிந்த பிறகு. சரியான டோஸிலும் சிலருக்கு இந்தக் குழப்பம் வரும் என்பதால் தினமும் நாலு வார்த்தை பேசிப் பாருங்கள்.

கேள்வி: செஃபிபீம் போட்டவருக்கு சிடி நார்மல், கை கால் வெட்டி இழுக்கவும் இல்லை. ஆனால் ஆள் கண்ணே திறக்கவில்லையே?

பதில்: ஈஈஜி (மூளையின் மின்னலைப் பதிவு) எடுக்கச் சொல்லுங்கள். கை கால் வெட்டாமல் மூளைக்குள்ளேயே வலிப்பு ஓடலாம். சிடியில் அது தெரியாது. செஃபிபீமை நிறுத்தி டயாலிசிஸ் செய்தால், 3 மணி நேரத்தில் உடலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்கு போய்விடும். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் தெளிவார்கள். ஒரு கண்ணி உண்டு: ஊசியை மெரோபெனம் என்ற வேறு ஆன்டிபயாடிக்குக்கு மாற்றிவிட்டு வலிப்புக்கு வால்ப்ரோயேட் எழுதினால், வால்ப்ரோயேட்டின் அளவு ரத்தத்தில் சரிந்துவிடும். பதிலாக லெவெடிராசெட்டம் என்ற வலிப்பு மருந்து கொடுக்கலாம், அதையும் கிட்னிக்கேற்பக் குறைத்து.

கேள்வி: மெட்ரோனிடசோல் என்ற ஆன்டிபயாடிக்கும் இப்படிச் செய்யுமா?

பதில்: செய்யும், ஆனால் நிதானமாக. வாரக்கணக்கில் சாப்பிட்ட பிறகு நடை தள்ளாடும், நாக்கு குழறும். அதற்கு எம்ஆர்ஐ உதவும். சிறுமூளையில் இரு பக்கமும் ஒரே மாதிரி மாற்றம் தெரியும்.