கதையை எங்கே நிறுத்துவது?

வணக்கம். முதுகலை சமூகப்பணி படிக்கிறேன். கர்ப்பிணிகளின் ரத்தசோகை பற்றிய கள ஆய்வுக்காக எங்கள் குழு ஓர் ஊரில் நாடகம் போட்டது. இரும்புச்சத்து மாத்திரையைத் தூக்கி எறிந்த பெண் படும் பாடுதான் கதை. நல்ல கூட்டம், கைதட்டல். மறுநாள் கேள்வித்தாளோடு போனால் எல்லாரும் "தினமும் போடுறோம்" என்கிறார்கள். அலமாரியில் மாத்திரை அட்டை பிரிக்காமல் கிடக்கிறது. சுகாதார ஆய்வில் கதைக்கு இடமே இல்லையா?
— ம., திண்டுக்கல்

அன்புள்ள ம.,

நாடகம் விடையைச் சொல்லிக் கொடுத்தது, மறுநாள் நீங்கள் அதையே கேட்டிருக்கிறீர்கள். வினாத்தாளை விடையோடு முதல் நாளே கொடுத்துவிட்டுப் பரீட்சை வைத்த மாதிரிதான். இதில் கதையின் மேல் குற்றமில்லை.

ஜார்க்கண்ட், ஒடிசாவின் மூன்று மாவட்டங்களில் 2005 முதல் 2008 வரை 'ஏக்ஜுட்' அமைப்பு நடத்திய ஆய்வைப் பாருங்கள். பழங்குடி மக்கள் அதிகம் வாழும் பகுதி. 244 பெண்கள் குழுக்கள். அவற்றில் 172 ஏற்கெனவே இருந்தவை. மாதம் ஒரு கூட்டம், மொத்தம் 20 கூட்டங்கள். கூட்டத்தை நடத்தியவர் உள்ளூர்ப் பெண். சுத்தமான பிரசவம், எப்போது மருத்துவரிடம் போவது போன்றவற்றை அறிவுரையாகச் சொல்லவில்லை. கதையும் விளையாட்டுமாக வைத்தார்கள். முதலில் படஅட்டைகளைக் கொண்டு எது பெரிய பிரச்சினை என்று குழுவே தேர்ந்தெடுத்தது. பிறகு தீர்வு, செயல், மதிப்பீடு.

அந்த முறையில் கதையை முடிக்க மாட்டார்கள். ஒரு மாதிரி சொல்கிறேன் (இது நான் கட்டியது): மூன்றாம் நாள் குழந்தை இறந்தது. ஏன்? உடம்பு சில்லிட்டுப்போனது. ஏன்? பிறந்ததும் துடைக்காமல் தரையில் கிடந்தது. ஏன்? நஞ்சுக்கொடி விழும்வரை எல்லாரும் தாயைக் கவனித்தார்கள். ஏன்? குழந்தைக்கென்று ஓர் ஆளை யாரும் முன்கூட்டிச் சொல்லி வைக்கவில்லை. இந்தக் கடைசி விடை கூட்டத்திலிருந்து வரவேண்டும். நடத்துபவர் முந்திக்கொண்டால் விளையாட்டு அங்கேயே செத்துப்போகும். கையில் விடை இருக்கும்போது வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் இதில் பயிற்சி தரவேண்டிய விஷயம், நடிப்பெல்லாம் அப்புறம்.

குழுக்கள் இருந்த பகுதியில் ஆயிரம் பிறப்புக்கு முதலாண்டு 55.6 ஆக இருந்த பச்சிளங்குழந்தை இறப்பு மூன்றாம் ஆண்டில் 36.3 ஆனது. குழுக்கள் இல்லாத பகுதியில் 53.4 என்பது 64.3 ஆகியிருந்தது.

ஏறக்குறைய இதே முறை வங்கதேசத்தில் முதல்முறை எடுபடவில்லை. முக்கியமாகச் சொல்லப்பட்ட காரணம் அடர்த்தி: ஏக்ஜுட்டில் 468 பேருக்கு ஒரு குழு, அங்கே 1,414 பேருக்கு ஒன்று. குழுக்களைக் கூட்டிப் பின்னர் செய்த ஆய்வில் பலன் தெரிந்தது. நான்கு நாடுகளின் ஏழு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2013 கட்டுரையும் அதையே காட்டியது: கர்ப்பிணிகளில் குறைந்தது 30 சதவீதம் பேர் கூட்டத்துக்கு வந்த இடங்களில் பச்சிளங்குழந்தை இறப்பு 33 சதவீதம் குறைவு. ஒரே ஒரு நாடகத்திடம் அவ்வளவு எதிர்பார்க்கக் கூடாது, ம.

உங்கள் ஊருக்கு வருவோம். யார் எவ்வளவு மாத்திரை போடுகிறார்கள் என்ற அடிப்படைக் கணக்கைக் கதைக்கு முன்பே எடுத்துவிடுங்கள். கதை சொல்பவரும் கணக்கெடுப்பவரும் ஒரே ஆளாக இருக்கவே கூடாது. ஏக்ஜுட்டில் பிறப்பு, இறப்பைச் சொல்ல ஊருக்குள் தனி ஆட்கள்; பிரசவமாகிச் சுமார் ஆறு வாரம் கழித்துத் தாயைப் பேட்டி காண வேறு ஆட்கள்.

கதையை ஒரே வீட்டிலிருந்து எடுக்காதீர்கள். மூன்று நான்கு நிகழ்வுகளைக் கலந்து, பக்கத்து ஊரில் சொல்லிப் பாருங்கள். "இது இன்னார் வீட்டு விஷயம்தானே" என்று ஒருவர் சொன்னாலும் மாற்றிவிடுங்கள். ஐந்தாறு படஅட்டை, ஏழெட்டு நிமிடம் போதும். மாத்திரையைத் தூக்கி எறியும் பெண்ணை அசடாகக் காட்டினால் தன் விஷயத்தை எவரும் வாய் திறந்து சொல்லமாட்டார். அவளுக்குக் குமட்டுகிறது, மலம் கறுப்பாகப் போகிறது, குழந்தை பெருத்துவிடும் என்று மாமியார் பயப்படுகிறார். இந்தக் காரணங்களோடு நிறுத்தி, "இனி இவள் என்ன செய்வாள்?" என்று கேளுங்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் போட்டால் குமட்டல் குறையும் என்பதை யாராவது சொல்வார். சொல்லாவிட்டால் கிராம சுகாதாரச் செவிலியரை அடுத்த கூட்டத்துக்கு அழையுங்கள்.

"தினமும் போடுறீங்களா?" என்ற கேள்வியைத் தாளிலிருந்து எடுத்துவிடலாம். அனுமதி கேட்டு அட்டையில் மிச்சமுள்ள மாத்திரைகளை எண்ணுங்கள், வாங்கிய தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். நாடகம் பார்த்த ஊரில் இப்போது எடுத்த கணக்கை அடிப்படைக் கணக்காகக் காட்ட வேண்டாம். அதற்கு வேறோர் ஊர் பாருங்கள்.