பதில்: திருகோணமலைத் தம்பலகாமக் குடாவில் கட்டிய ஸ்காலப் ஏன் செத்தது?

தம்பி, ஒரே கூடையில் சிப்பி பிழைத்து, ஸ்காலப் (விசிறி வடிவ ஓடுள்ள மட்டி வகை) மட்டும் மார்கழி மழையோடு செத்துப்போனது என்று எழுதியிருக்கிறீர்கள். நோயைவிட நன்னீரைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

சிப்பி ஓட்டை இறுக மூடிக்கொண்டு நாள்கணக்கில் தாக்குப்பிடிக்கும். ஸ்காலபால் அது முடியாது. ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள்: மூடியிருக்கும்போதும் ஓட்டின் காதுப் பக்கத்தில் (இரு ஓடும் இணையும் முனையில்) இடுக்குத் தெரியும். ஓட்டை அடித்து அடித்து நீந்தும் பிராணி அது. அடைந்து கிடக்கப் பிறந்ததல்ல. வெளிக்கடலில் உப்பு ஆயிரம் பங்குக்கு 35 பங்கு அளவில் இருக்கும். வாடை மழையில் ஆற்றுவெள்ளம் குடாவுக்குள் இறங்கினால் அது சடசடவென்று குறையும். 25 இற்குக் கீழே போனால் பெரும்பாலான ஸ்காலப் திணறும்.

நன்னீர் பாரம் குறைந்தது, மேலேதான் மிதக்கும். அதனால் மேலும் அடியிலும் தனித்தனியாக உப்பை அளந்து பாருங்கள். அடியில் உப்பு நின்றால் கூடையைத் தாழ்த்திக் கட்டலாம், சேற்றில் முட்டாமல். ஆழமே இல்லாத இடமென்றால் ஐப்பசிக்கு முன்பே அறுவடை செய்துவிடுங்கள். கொட்டியாரக்குடாவுக்கு மாற்றுவதென்றால் மகாவலி விழும் மூதூர்ப் பக்கம் வேண்டாம், அங்கேயும் இதே கதைதான்.

அப்புறம், வாய் பிளந்து செத்ததைச் சமைக்காதீர்கள்.