ஆறு ஐரோப்பியக் கோப்பைகள், அமெரிக்க லீகில் ஒரு ஆட்டம்கூட இல்லை: கூடைப்பந்து கேள்வி–பதில்

ஸ்பெயின் மகளிர் கூடைப்பந்து பற்றியும், குறிப்பாக ஆல்பா டோரென்ஸின் விளையாட்டு வாழ்க்கை பற்றியும் வாசகர்கள் கேட்ட கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: ஆல்பா டோரென்ஸ் எந்தெந்த கிளப்புகளில் ஆடினார்? ஏன் இத்தனை முறை மாறினார்?

பதில்: அவர் அதிகம் மாறியவர் அல்ல. 2006-இல் தொடங்கி ஐந்தே கிளப்புகள். ஒவ்வொன்றிலும் போதுமான காலம் இருந்துவிட்டுத்தான் கிளம்பினார்.

1989 ஆகஸ்ட் 30 அன்று பிறந்த டோரென்ஸ், மயோர்க்கா தீவின் பினிசாலெம் ஊர்க்காரர். பதின்ம வயதில் பார்சிலோனாவை ஒட்டிய எஸ்ப்ளூகெஸில் உள்ள 'செக்ளே 21' பயிற்சித் திட்டத்தில் சேர்ந்தார். அங்கே பெண்கள் விடுதியில் தங்கிப் படிப்பார்கள், பயிற்சி எடுப்பார்கள். ஒரே அணியாக, வயதில் மூத்த பெண்கள் ஆடும் கீழ்நிலை லீகில் இறங்குவார்கள். நிறையத் தோற்பார்கள். ஆனால் 16 வயதிலேயே 28 வயதுக்காரரின் தோள் இடியைத் தாங்கி, கூடையில் விழாமல் திரும்பும் பந்தைப் பிடிக்க (ரீபவுண்ட்) பழகிவிடுவார்கள்.

2006 முதல் 2009 வரை வீகோ நகரின் செல்டா அணி. இவருடைய பட்டங்களை அடுக்குகிறவர்கள் இந்த மூன்று ஆண்டுகளைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எங்களுக்கோ அவருடைய வாழ்க்கையிலேயே முக்கியமான கட்டம் இதுதான். 17 வயதில் பெரிய கிளப்பின் பெஞ்சில் உட்கார்ந்து துண்டு ஆட்டுவதைவிட, நடுத்தர அணியில் நிறைய நிமிடம் ஆடி, தவறு செய்து, மறுபடியும் பந்தைக் கையில் வாங்குவதே ஒரு வீராங்கனையை உருவாக்கும்.

2009-இல் சலமான்கா நகரின் அவெனிதாவுக்குப் போனார். 2011-இல் ஸ்பார்தாக் மாஸ்கோ அணியை 68–59 என வென்று அந்த அணி, ஐரோப்பிய கிளப்புகளின் உச்சப் போட்டியான மகளிர் யூரோலீக் கோப்பையைத் தூக்கியது. இறுதிச் சுற்றின் சிறந்த வீராங்கனை டோரென்ஸ். அடுத்து இஸ்தான்புலின் கலாத்தசராய். 2014-இல் அதே ஊரின் ஃபெனர்பாசேயை வென்று மறுபடியும் அதே கோப்பை, அதே விருது. 2014 முதல் 2021 வரை ரஷ்யாவின் யெகாதெரின்பர்க். அங்கே 2016, 2018, 2019, 2021 என நான்கு கோப்பைகள். 2021 இறுதியாட்டத்தில் எதிரே நின்றது அவருடைய பழைய சலமான்கா அணி. பிறகு ஸ்பெயினுக்குத் திரும்பி வலென்சியாவில் சேர்ந்தார். அந்த கிளப் 2023, 2024 ஆண்டுகளில் ஸ்பெயின் லீகை வென்றது.

தேசிய அணியோடு 2013, 2017, 2019 ஐரோப்பியத் தங்கம், 2014 உலகக் கோப்பை வெள்ளி, 2016 ரியோ ஒலிம்பிக் வெள்ளி. 2017 ஐரோப்பியப் போட்டியின் சிறந்த வீராங்கனையும் அவரே.

கேள்வி: இவ்வளவு திறமை உள்ளவர் அமெரிக்காவின் டபிள்யூ.என்.பி.ஏ. லீகில் ஏன் ஆடவில்லை? யாரும் கூப்பிடவில்லையா?

பதில்: கூப்பிட்டார்கள். புதிய வீராங்கனைகளை அணிகள் முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் 'டிராஃப்ட்' அங்கே உண்டு. 2009 டிராஃப்டின் மூன்றாவது சுற்றில் கனெக்டிகட் சன் அணி அவரைத் தேர்ந்தெடுத்தது. அமெரிக்காவில் கல்லூரிக்குப் போகாத வெளிநாட்டுப் பெண்ணுக்கு 20 வயது நிறைகிற ஆண்டில் டிராஃப்ட் தகுதி தானாகவே வந்துவிடும். பெயர் கொடுக்கக்கூட வேண்டியதில்லை. தேர்வானால் ஓர் அணி அவர்மீது உரிமை பெறுகிறது, அவ்வளவுதான். போய் ஆட வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

சிக்கல் நாள்காட்டியில் இருக்கிறது. ஐரோப்பிய கிளப் ஆட்டங்கள் செப்டம்பர் இறுதியில் தொடங்கி ஏப்ரல், மே வரை போகும். அமெரிக்க லீக் மே மாதம் தொடங்கிவிடும். ஒற்றைப்படை ஆண்டுகளில் ஜூன் மாதம் ஐரோப்பியப் போட்டி. அதற்கான தேசிய அணி முகாம் மே மாதமே ஆரம்பம். மூன்றுக்கும் ஒரே உடம்பு. கோடைகளைத் தேசிய அணிக்குக் கொடுத்தால் அமெரிக்காவுக்கு மிஞ்சுவது பாதி சீசன். பாதியில் வந்து சேருகிறவருக்கு அங்கே ஆட நிமிடம் கிடைப்பது கடினம்.

2023 முதல் அமெரிக்க லீக் விதியை இறுக்கியது. இரண்டு ஆண்டுக்கு மேல் அனுபவம் உள்ளவர் ஐரோப்பிய சீசனை முடித்துவிட்டுத் தாமதமாக வந்தால் அபராதம். சீசன் தொடங்கிய பிறகு வந்தால் அந்த ஆண்டே ஆட முடியாது. 2024-இலிருந்து பயிற்சி முகாமின் தொடக்கம் அல்லது மே 1, இவற்றில் எது பிந்தியதோ அதுவே கெடு என்று ஆனது.

போய் வென்றவர்களும் உண்டு. அமாயா வால்தெமோரோ ஹூஸ்டன் காமெட்ஸ் அணியில் 1998, 1999, 2000 என மூன்று பட்டங்கள் பெற்றார். அன்னா குரூஸ் 2015-இல் மினசோட்டா லிங்ஸ் அணியோடு வென்றார். டோரென்ஸ் அங்கே ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. அதை ஒரு குறையாக எழுதுவது தவறு என்பது எங்கள் உறுதியான கருத்து. அவர் ஆடிய காலத்தில் யெகாதெரின்பர்கில் பக்கத்தில் நின்றவர்களே அந்த அமெரிக்க லீகின் நட்சத்திரங்களான டயானா டவுராசியும் பிரிட்னி கிரைனரும்தான்.

கேள்வி: என் மகளுக்கு வயது 14, உயரம் 1.80 மீட்டர். உயரமாக இருக்கிறாள் என்று பயிற்சியாளர் கூடைக்கு அடியிலேயே நிறுத்துகிறார். டோரென்ஸும் உயரமானவர்தானே?

பதில்: 1.90 மீட்டருக்கும் சற்று மேல். ஆனால் அவர் ஆடுவது பக்கவாட்டில், ஸ்மால் ஃபார்வர்டாக. நீண்ட எட்டு வைத்து, வெளியிலிருந்து கூடையை நோக்கிப் பாய்வதுதான் அவருடைய அடையாளம். உங்கள் மகளை இப்போதே கூடைக்கு அடியில் பூட்டிவிட்டால் பந்து தட்டிக்கொண்டு ஓடும் பழக்கம் வளராது. 19 வயதில் 1.93 உள்ள வேறொரு பெண் எதிரே வந்து நிற்பாள். அப்போது ஒதுங்கி ஆட வழி தெரியாது.

பயிற்சியாளரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: வாரத்தில் இரண்டு நாளாவது அவள் கார்டுகளோடு (வெளியில் நின்று பந்தைக் கொண்டுசெல்பவர்கள்) சேர்ந்து பயிற்சி எடுக்கட்டும். பந்து பெண்களுக்கான 6-ஆம் எண் அளவாக இருக்க வேண்டும். மூன்று புள்ளிக் கோடு 6.75 மீட்டர், அங்கிருந்து எறிய அவசரம் வேண்டாம். கைக்கு வலு வருமுன் தூரத்திலிருந்து எறிந்தால் பந்து தோளிலிருந்து தள்ளப்படும், முழங்கை வெளியே போகும். அந்தப் பழக்கத்தைப் பிறகு கழற்றுவது பெரும்பாடு. 4 மீட்டரில் பத்துக்கு ஏழு விழுந்த பிறகு ஓர் எட்டு பின்னால் போகட்டும்.

பாய்ச்சலில் அதிகம் விசில் வாங்கும் இடம் முதல் எட்டு. ஓடிக்கொண்டே பந்தைப் பிடித்தால், பிடிக்கும்போது தரையில் இருக்கும் கால் கணக்கில் வராது; அதற்குப் பிறகு இரண்டு எட்டு வைக்கலாம் என்று 2017-இல் விதி வந்தது. ஆனால் நின்றபடி பந்தை வாங்கியிருந்தால் இந்தச் சலுகை கிடையாது. ஊன்றிய கால் தரையை விட்டுக் கிளம்புமுன் பந்து கையை விட்டுத் தரைக்குப் புறப்பட்டிருக்க வேண்டும். நெட்டைக் கால்காரர்கள் பெரிய எட்டு வைக்கும் ஆசையில் காலை முதலில் எடுத்துவிடுவார்கள். பந்து முதலில், கால் பிறகு: இதை மெதுவாக, நடந்தே, இரு பக்கமும் இருபது முறை செய்யவிட்டுப் பிறகு வேகம் கூட்டுங்கள்.

கேள்வி: முழங்கால் ஜவ்வு கிழிந்தால் பெண்களின் ஆட்டம் முடிந்ததா?

பதில்: இல்லை. டோரென்ஸுக்கே 2012 தொடக்கத்தில் முன்புறச் சிலுவை ஜவ்வு கிழிந்தது. மீதி சீசன் போயிற்று. அவர் வென்ற ஆறு யூரோலீக் கோப்பைகளில் ஐந்து அதற்குப் பிறகு வந்தவை.

இந்தக் காயம் பெண்களுக்கு ஆண்களைவிடப் பல மடங்கு அதிகம் வருகிறது. பெரும்பாலும் யாரும் இடிக்காமலே நடக்கும். ஒற்றைக் காலில் இறங்குகிறார்கள், முழங்கால் அதிகம் மடங்காமல் விறைப்பாக இருக்கிறது, உள்பக்கமாகச் சாய்கிறது, மேல் உடம்பு வேறு பக்கம் திரும்புகிறது. அந்த நொடியில் ஜவ்வு போகிறது. அதனால் குதிப்பதைவிட இறங்குவதைக் கற்பிப்பது முக்கியம். பாதத்தின் முன்பகுதி முதலில் தரையைத் தொட வேண்டும், இடுப்பும் முழங்காலும் மடங்க வேண்டும், முழங்கால் பாதவிரலின் நேரில் நிற்க வேண்டும். வாரம் இரண்டு மூன்று முறை, வார்ம்-அப்பிலேயே 15 முதல் 20 நிமிடம் இதற்கும் பின்தொடைப் பயிற்சிக்கும் ஒதுக்கினால் ஆபத்து கணிசமாகக் குறையும்.

அறுவை சிகிச்சைக்குப் பின் குறைந்தது 9 மாதம். வலி இல்லை, நான்காவது மாதமே ஓட முடிகிறது என்று களம் இறங்கியவர்களுக்குத்தான் மறுபடி கிழிகிறது. மாதக் கணக்கு மட்டும் போதாது. முன்தொடை வலு நல்ல காலின் 90 சதவீதத்தைத் தொட வேண்டும். ஒற்றைக் கால் தாவலின் தூரமும் அதே அளவு வர வேண்டும். சிறு காயம்தான் என்று யாராவது சமாதானம் சொன்னால் கேட்காதீர்கள். அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வெளிநாட்டு கிளப் சம்பளம் தராமல் இழுத்தடித்தால் வீராங்கனை எங்கே போவது?

பதில்: கையெழுத்திடும் நாளிலேயே இதற்கு வழி செய்திருக்க வேண்டும். சர்வதேச சம்மேளனமான ஃபீபாவின் ஏற்பாட்டில் கூடைப்பந்து நடுவர் மன்றம் ஒன்று இருக்கிறது. சட்டப்படி அதன் இடம் ஜெனீவா. பெரும்பாலும் ஒரே நடுவர், நேர் விசாரணை இல்லாமல் ஆவணங்களை வைத்தே நியாயத்தின் அடிப்படையில் தீர்ப்பு சொல்வார். தீர்ப்பை மதிக்காத கிளப்புக்குப் புதிய வீராங்கனைகளைப் பதிவுசெய்யத் தடை போட ஃபீபாவால் முடியும். பணத்தை வரவைப்பது அந்தப் பயம்தான். ஆனால் 'தகராறு வந்தால் அந்த மன்றத்துக்கே' என்ற ஷரத்து ஒப்பந்தத்தில் இல்லாவிட்டால் கதவு திறக்காது. உள்ளூர் நீதிமன்றம், உள்ளூர் மொழி, ஆண்டுக்கணக்கில் அலைச்சல்.

இன்னும் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: தொகை வரி போகவா, வரியோடா, எந்தத் தேதியில் எவ்வளவு, காயம்பட்டாலும் உறுதியா. ஸ்பெயினுக்குள் என்றால் தொழில்முறை விளையாட்டு வீரர்களுக்கென 1985-இன் 1006-ஆம் எண் அரசாணை இருக்கிறது. ஒப்பந்தம் எப்போதும் குறித்த காலத்துக்கே என்று அது சொல்கிறது.

கேள்வி: ஸ்பெயின் அணியில் வெளிநாட்டில் பிறந்தவர்கள் எத்தனை பேர் ஆடலாம்?

பதில்: பிறந்த இடம் கணக்கில்லை. 16 வயதுக்குப் பிறகு குடியுரிமை பெற்றவர் ஒருவர்தான் 12 பேர் பட்டியலில் இருக்கலாம். அதனால்தான் அப்படிக் குடியுரிமை பெற்ற சாஞ்சோ லிட்டிலும் அஸ்து என்டூரும் ஒரே போட்டியில் சேர்ந்து ஆடியதில்லை. 2016-இல் லிட்டில் காயத்தால் விலக, ரியோவுக்கு என்டூர் போனார். 2019 ஐரோப்பியப் போட்டியின் சிறந்த வீராங்கனையும் என்டூர்தான்.

கேள்வி: 30 வயதைத் தாண்டிய பிறகு, அணிக்கு மூவர் ஒரே கூடையில் ஆடும் 3x3 ஆட்டத்துக்கு மாறலாமா?

பதில்: தாராளமாக. பாரிஸ் 2024-இல் ஸ்பெயின் பெண்கள் இதில் வெள்ளி வென்றார்கள். இறுதியில் ஜெர்மனியிடம் 16–17 என ஒற்றைப் புள்ளியில் தோற்றார்கள். அந்த நால்வரில் ஒருவரான சாண்ட்ரா இகெராவிதேவுக்கு அந்த ஆண்டில் 40 வயது. ஆட்டம் 10 நிமிடம், அல்லது 21 புள்ளி வரை. நேரம் குறைவு என்று ஏமாற வேண்டாம். தாக்குதலுக்கு 12 வினாடிதான், மாற்று ஆள் ஒருவர்தான், களத்தில் பயிற்சியாளர் கிடையாது. பந்தின் சுற்றளவு 6-ஆம் எண், எடையோ ஆண்கள் ஆடும் 7-ஆம் எண் பந்தினுடையது. மாறுகிறவர்கள் முதல் சில வாரம் எறிதூரத்தைக் குறைத்துத் தொடங்குவது மணிக்கட்டுக்கு நல்லது.