நாக்கு மரத்துப் போனால் நஷ்டஈடு கேட்கலாமா?

கேள்வி: கல்லிடைக்குறிச்சியில் கல்யாணச் சமையல் வேலை பார்க்கிறேன். போன ஆடியில் கீழ்க் கடைவாய்ப் பல்லைப் பிடுங்க ஊசி போட்டபோது நாக்கில் கரண்ட் அடித்தது போல ஒரு வெட்டு. அன்றிலிருந்து வலது பாதி நாக்கு மரத்துக் கிடக்கிறது. எரிச்சலில் ராத்தூக்கமும் போச்சு. சொதிக்கு உப்புப் பார்க்கக்கூட மகனைத்தான் கூப்பிடுகிறேன். ஊசி போட்டவர் "தானாச் சரியாகும்" என்கிறார். இன்னொரு கிளினிக்கில் பக்கத்துப் பல்லுக்கு வேர் சிகிச்சை செய்யச் சொல்கிறார்கள். கேஸ் போடலாமா?

பதில்: எக்ஸ்ரேயில் சொத்தையோ சீழோ தெரியாவிட்டால் அந்தப் பல்லில் கைவைக்க விடாதீர்கள். உங்கள் வலி நரம்பு வலி போலத்தான் தெரிகிறது. கீழ்த்தாடை மரத்துப்போக ஊசி போடும் இடத்தை ஒட்டியே நாக்கு நரம்பு ஓடுகிறது. நாக்கின் முன்பக்கச் சுவையும் அதன் வழியாகத்தான் போகிறது. பலருக்குச் சில வாரங்களில் உணர்ச்சி திரும்பிவிடும். மாதக்கணக்கில் எரிகிறது என்றால் இனியும் காத்திருக்கச் சொல்வது நியாயமில்லை.

பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். சாதாரண வலி மாத்திரை இதற்குப் பெரும்பாலும் கேட்காது. கேபாபென்டின், பிரிகேபலின், அமிட்ரிப்டிலின் போன்றவற்றில் ஒன்றைக் குறைந்த அளவில் தொடங்கி, மெல்ல ஏற்றுவார்கள். நீங்களாகக் கடையில் வாங்காதீர்கள், நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். தலைசுற்றலும் தூக்கக் கலக்கமும் வரும்; அண்டா, எண்ணெய்ச் சட்டி பக்கம் நிற்பவருக்கு அது ஆபத்து. உங்கள் வேலை இன்னதென்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். மரத்த பக்கம் சூடு உறைக்காது, ஆறவைத்தே ருசி பாருங்கள்.

இனி வழக்கு. காசு கொடுத்துப் பெறும் மருத்துவம் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995-லேயே உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லிவிட்டது. ஆனால் ஊசி நரம்பில் பட்டதை மட்டும் வைத்துக் கவனக்குறைவு என்று நிரூபிக்க முடியாது. கைதேர்ந்தவருக்கும் அது நேரும். அதற்குப் பிறகு அவர் என்ன செய்தார் என்பதில்தான் உங்கள் பலம் இருக்கிறது. கரண்ட் அடித்ததைச் சீட்டில் எழுதினாரா? இப்படி ஆகலாம் என்று முன்பே சொன்னாரா? நீங்கள் திரும்பத் திரும்பப் போய் நின்றும் நரம்பு டாக்டரிடம் அனுப்பாதது ஏன்? எனக்கு இந்தக் கடைசிக் கேள்விதான் பெரிதாகப் படுகிறது.

சிகிச்சைக் குறிப்பு, எக்ஸ்ரே, பில், நீங்கள் கையெழுத்திட்ட ஒப்புதல் தாள் எல்லாவற்றின் நகலையும் எழுத்தில் கேளுங்கள். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். நாக்கு நரம்பு பாதிக்கப்பட்டிருந்தால் நரம்பியல் டாக்டரிடம் அதை எழுதி வாங்குங்கள். கைவிட்டுப் போன கல்யாண ஆர்டர்களின் விவரமும் வேண்டும், வருமான இழப்பை அதை வைத்துத்தான் கணக்கிடுவார்கள்.

திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் இல்லாமலே மனு போடலாம். சிகிச்சைக்குக் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. சந்தேகத்துக்குத் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடுங்கள். கெடு 2 வருடம். ஊசி போட்ட தேதியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள், சமாதானப் பேச்சில் நாளைக் கடத்திவிடாதீர்கள்.