சட்டமும் மனசாட்சியும்: வாசகர் கேள்விகள்

கேள்வி: அறத்துக்குப் புறம்பான சட்டத்தைச் சட்டம் என்றே ஏற்கத் தேவையில்லை என்று சொல்லலாமா?

பதில்: சட்டத் தத்துவத்தில் பெரும் விவாதத்தைக் கிளப்பிய கேள்வி இது. 1944-இல், விடுப்பில் வீடு திரும்பிய ஜெர்மானியப் படைவீரர் ஒருவர் தம் மனைவியிடம் தனிமையில் ஹிட்லரைக் குறைகூறிப் பேசினார். கணவரிடமிருந்து விடுபட விரும்பிய அந்தப் பெண், அந்தப் பேச்சை நாஜிக் கட்சியின் உள்ளூர்ப் பொறுப்பாளரிடம் போய்ச் சொல்லிவிட்டார். கணவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. ஆனால் அது நிறைவேற்றப்படாமல், அவர் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். போருக்குப் பின் தம்மீது வழக்கு வந்தபோது, அன்றைய சட்டப்படிதான் நடந்துகொண்டதாக அந்தப் பெண் வாதிட்டார். 1949-இல் பாம்பெர்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்காமல் அவரைக் குற்றவாளி என்றே தீர்ப்பளித்தது.

இவ்வழக்கை முன்வைத்து 1958-இல் ஹார்ட், ஃபுல்லர் என்ற இரு சட்டத் தத்துவ அறிஞர்கள் மோதினார்கள். கொடிய சட்டமும் சட்டமே, அதற்குக் கீழ்ப்படிவதா என்பது தனிக் கேள்வி என்றார் ஹார்ட். அந்தப் பெண்ணைத் தண்டிக்க வேண்டுமானால், முன்தேதியிட்டு ஒரு சட்டம் இயற்றி, அதுவும் ஒரு தீமைதான் என்பதை மறைக்காமல் ஒப்புக்கொள்வதே நேர்மை என்பது அவர் நிலை. இரகசியமாக ஆணை பிறப்பித்து, தன் விதிகளையே மதிக்காத ஆட்சியின் கட்டளைகள் சட்டம் என்ற பெயருக்கே தகுதியற்றவை என்றார் ஃபுல்லர்.

என் மனம் ஹார்ட்டின் பக்கமே சாய்கிறது. கணவரைக் காட்டிக்கொடுக்க வேண்டும் என்ற சட்டக் கடமை அந்தப் பெண்ணுக்கு இருந்ததாகத் தெரியவில்லை. அவர் பேசாமல் இருந்திருக்கலாம். அந்த மௌனத்தைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் அவரிடம் இருந்தது என்பதால்தான், சட்டத்தின் பின்னால் அவர் ஒளிந்துகொண்டதை என்னால் ஏற்க முடியவில்லை. ‘இது சட்டம்தான், ஆனாலும் செய்ய மாட்டேன்’ என்று சொல்ல, சட்டத்தையும் அறத்தையும் பிரித்துப் பார்க்கும் கண் வேண்டும்.

கேள்வி: யாருக்கும் தீங்கில்லாத, ஆனால் ஒழுக்கக்கேடு எனப்படும் செயலைச் சட்டம் தண்டிக்கலாமா?

பதில்: கூடாது என்பதே என் உறுதியான கருத்து. ஒருவரை அவர் விருப்பத்துக்கு மாறாகக் கட்டுப்படுத்த, பிறருக்கு நேரும் தீங்கைத் தடுப்பது ஒன்றே தகுந்த காரணம் என்று 1859-இலேயே ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில் எழுதினார். வயதுவந்த ஆண்கள் இருவர் மனமொத்துத் தனிமையில் கொள்ளும் உறவு குற்றமாக இருக்கக் கூடாது என்று 1957-இல் பிரிட்டன் அரசு அமைத்த வுல்ஃபென்டன் குழு பரிந்துரைத்தபோது, பொது ஒழுக்கம் குலைந்தால் சமூகமே சிதையும் என்று நீதிபதி டெவ்லின் எதிர்த்தார். அந்த அச்சம் நேர்மையானதுதான். ஆனால் வெறுப்பின் ஆழத்தைத் தீங்குக்குச் சான்றாகக் கொள்ள முடியாது. 1967-இல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்த உறவு, 21 வயது நிரம்பியவர்களைப் பொறுத்தவரை, குற்றப் பட்டியலிலிருந்து நீங்கியது. டெவ்லின் அஞ்சிய சிதைவு நேரவில்லை.